தங்கப் பல் வைத்த கொலைகாரன்

தியாகதுருகம் சினிமாக் கொட்டாயில் பெண்கள் பக்கத்துக் கேட்டில் நிற்பவள் அமிர்தம் அக்கா. டிக்கெட் இல்லாமல் அவளைத் தாண்டிப் போக நான் ஒன்பது தடவை முயற்சி செய்திருக்கிறேன். ஒன்பது தடவையும் காதைப் பிடித்து வெளியே விட்டிருக்கிறாள்.

அவள் டிக்கெட்டைப் பார்க்கவே மாட்டாள். ஆளைத்தான் பார்ப்பாள். சின்னப் பிள்ளை என்றால் நெஞ்சில் உள்ளங்கையை வைப்பாள். பெரியவர்கள் என்றால் டிக்கெட் வாங்குகிற சாக்கில் மணிக்கட்டைப் பிடிப்பாள். உள்ளே படபடவென்று அடித்தால், ஏதோ ஒளிக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருமுறை மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் ஐந்து வயதுப் பையனைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னா தாயி, எத்தினி மாசம்?"

"ஏழுக்கா."

"ஏழு மாசத்துக்கே புள்ள செருப்பு போட்டுக்கினு நிக்குதே. கீழ எறக்கு."

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் செந்தமிழ்ச்செல்வி. எட்டாவதில் தமிழில் இருபத்தெட்டு மார்க் வாங்கி அதோடு நின்றுவிட்டவள். பெயர் வைத்தவர் என் அப்பா. மார்க் போட்டவர் வேறு ஆள். இந்தக் கதை நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. இப்போது பதினேழு. இரண்டு வருஷத்தில் புத்தி வந்துவிட்டதா என்று அமிர்தம் அக்காவைக் கேட்டால், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

அவள் கேட்டில் மட்டும் இப்படி இல்லை. கடைக்காரர் அளந்து போட்ட அரிசியை வீட்டில் வந்து தன் படியில் மறுபடி அளப்பாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைக்கூட நம்பாமல், "அது இன்னா சொல்லுது?" என்று மூன்று பேரைக் கேட்பாள். ஊரார் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அவள் புருஷன் மாயவன் செத்த விதம் தெரிந்த பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மாயவன் அதே கொட்டாயில் போஸ்டர் ஒட்டுகிறவர். கொட்டாய் முதலாளி அப்துல் ஜலீல் பாய்க்கு ஒருநாள் ஒரு யோசனை வந்தது. கல்வராயன் மலைக்காரர்கள் கடுக்காயும் தேனும் விற்கக் கீழே இறங்கி வருகிறார்களே, அப்படியே ஒரு படமும் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று. "வெள்ளிமலைச் சந்தையில நாலு போஸ்டர் ஒட்டிட்டு வாப்பா" என்றார். மாயவன் ஒரு வாடகை சைக்கிள் எடுத்து, பசை வாளியை மாட்டிக்கொண்டு போனார். ஏறும்போது தள்ளிக்கொண்டு ஏறியிருப்பார். போஸ்டரும் ஒட்டியிருந்தார். இறங்கும்போது, கீழிருந்து நாலாவது வளைவில் விழுந்துகிடந்தார். மறுநாள் காலையில் தேன் எடுக்கப் போன மலைக்காரர் ஒருவர்தான் பார்த்துக் கீழே வந்து சொன்னார். சைக்கிள் பள்ளத்தில் வளைந்து கிடந்தது. 'நிலை தடுமாறி விழுந்து மரணம்' என்று போலீஸ் எழுதியது. அந்த நாலு போஸ்டரைப் பார்த்து மலையிலிருந்து ஒருத்தரும் படத்துக்கு வரவில்லை.

அமிர்தம் அக்கா அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். ஆனால் நம்பவில்லை. பதினைந்து வயதிலிருந்து சைக்கிள் மிதிக்கிற ஆள் எப்படித் தானாக விழுவான்? லாரி இடித்திருக்க வேண்டும். இல்லை, யாராவது தள்ளியிருக்க வேண்டும். லாரி ஓட்டத் தெரிந்தவர்கள்மீது முழுச் சந்தேகம், மற்றவர்கள்மீது அரைச் சந்தேகம் என்று எட்டு வருஷம் வாழ்ந்தாள். மலைக்கு அனுப்பிய பாய்மீது சந்தேகம். பாய் பாவம் பார்த்து அவளுக்குக் கேட்டில் வேலை கொடுத்தார்; "சும்மா எதுக்கு வேல குடுக்கறாரு?" என்று அதிலும் சந்தேகம். மாயவன் சாவதற்கு முதல்நாள் அவரோடு சண்டை போட்ட ஆபரேட்டர் பிச்சைமுத்துமீது சந்தேகம். பஸ் ஸ்டாண்டு எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்த வீரமுத்து ஒவ்வொரு தீபாவளிக்கும் யாரும் கூப்பிடாமலே வந்து கொட்டாய் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவார். "எண்ண இன்னா ஓசியிலயா வருது?" என்று அதையும் விடவில்லை.

என்னை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது முறை பிடிபட்டபோது காதை விடாமலே கேட்டாள்: "படிக்கத் தெரியுமாடி?"

"தெரியும்."

"எந்த அளவுக்கு?"

"இருவத்தெட்டு மார்க்கு அளவுக்கு."

கொட்டாய் கேன்டீனில் முறுக்கு மடிக்கப் பழைய வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதில் ஒரு தொடர்கதை. புருஷனைச் சாலையில் பறிகொடுத்த ஒருத்தி கொலைகாரனைத் தேடிப் போகிறாள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அத்தியாயம் படித்தால் ஒரு தரை டிக்கெட் ஓசி என்று பேச்சு முடிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, காலிக் கொட்டாயில், மணலில் எதிரெதிரே உட்காருவோம். நான் படிப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். என்மீது பாசம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் என் கையைப் பிடிப்பது அடிப்பதற்கு மட்டும்தான் என்பதால் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

கதையில் ஒரு தொல்லை. பாதி அத்தியாயங்கள் ஏற்கெனவே முறுக்கோடு போய்விட்டன. நீளமான வார்த்தைகள் வந்தால் என் நாக்கும் நொண்டும். 'இல்லை' என்று சொன்னால் டிக்கெட் போய்விடும். அதனால் இல்லாத இடங்களை நானே இட்டு நிரப்பினேன். காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பல்பொடி விளம்பரத்தைப் பார்த்தபடி, கொலையும் கண்ணீருமாக ஓட்டினேன். எழுதினவரைவிட நன்றாகவே ஓட்டினேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் வீரமுத்து என்னைப் பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் அறைந்தார். அவர் கடை வாடகை சைக்கிள் அத்தனைக்கும் காற்றுப் பிடுங்கிவிட்டது நான்தான், அது உண்மைதான். மொத்தம் பதினேழு. கடைசி சைக்கிளின் மட்கார்டில் பதினெட்டு என்று எழுதியிருந்தது. பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு. இவர் பள்ளிக்கூடத்தில் என்னைவிட மோசம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேதான் பிடுங்கினேன். ஆனாலும் அறை அறைதானே. வீரமுத்துவுக்கு மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் உண்டு. அன்று மத்தியானம் நான் படித்த அத்தியாயத்தில், முகத்தைத் துணியால் மூடிய கொலைகாரன் முதல்முறையாகச் சிரித்தான். ஒரு தங்கப் பல் பளிச்சென்று மின்னியது.

அமிர்தம் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கடைசி அத்தியாயமும் கிடைக்கவில்லை. அதையும் நானே முடித்தேன். அந்தப் பெண் கொலைகாரனை ஏதோ சொல்லி மலைக்கு அழைத்துப் போகிறாள். புருஷன் செத்த அதே வளைவில் நிறுத்தி, பின்னாலிருந்து பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். அமிர்தம் அக்கா அதை மட்டும் மூன்று நாள் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது நாள், முதல்நாள் சொன்னது எனக்கே மறந்துபோய், வேறு மாதிரித் தள்ளினேன். அவள் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குள் பெருமை வேறு.

அந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். படத்துப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் யாருக்கும் ஞாபகம் வராது. கள்ளக்குறிச்சியில் நாலு நாள் ஓடி, போஸ்டர்மேல் அடுத்த போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். யாரும் சீண்டாத படம் என்பதால் பாய்க்கு லேசாகக் கிடைத்தது. இடைவேளை வரைக்கும் உள்ள ரீல்கள் ஒரு பெட்டி, அதற்கப்புறம் உள்ளவை இன்னொரு பெட்டி. முதல் பெட்டி கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியது. இரண்டாவது காலையில் வரும் என்றார்கள்.

காலையில் பஸ்ஸே வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் அன்றுதான் ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். நூறு வருஷத்து மரங்கள். கிளையில் பிஞ்சுப் புளியோடு படுத்துக் கிடந்தன. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. எது நிஜம் எது புரளி என்று தெரியவில்லை. போலீஸ் வேன் வந்தால் ஆண்கள் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். வேன் போன பிறகு, யார் ஆள் காட்டியது என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள். டீக்கடையில் பேசுகிறவர்கள் புது ஆள் வந்தால் நிறுத்திவிடுவார்கள். அமிர்தம் அக்காவின் வியாதி ஊருக்கே தொற்றியதுபோல் இருந்தது.

வேலை இல்லாத கூட்டத்தைப் பார்த்ததும் பாய்க்குத் தாங்கவில்லை. "பாதிப் படம், பாதி டிக்கெட்" என்று கரும்பலகையில் எழுதிவைத்து, சாயங்காலம் ஒரே ஆட்டம் ஓட்டினார். அந்தப் பாதியில் கொலைகாரன் முகமே கிடையாது. கறுப்பு உறை போட்ட இரண்டு கைகள் மட்டும் வரும். கை கதவைத் திறக்கும், கை விளக்கை அணைக்கும், 'இடைவேளை' என்று வரும். ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். மறுநாளும் வருவார்கள். கொலைகாரன் யார் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. தெரிந்தவள் ஒருத்திதான் என்று ஊர் நம்பியது: கதையை முழுக்கக் கேட்ட அமிர்தம் அக்கா. அந்த வாரம் ஆண்கள் பக்கத்துக் கேட்டுக்காரர் மறியலுக்குப் போய்விட்டதால் இரண்டு கேட்டும் அவள் பொறுப்பு. எல்லா மணிக்கட்டும் அவள் கைக்குத்தான் வந்தது.

மூன்றாம் நாள் ஜலீல் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, அந்தக் கதய நீ தானே படிச்சே? கொலகாரன் வெள்ளத் தொப்பி போட்டவனா?"

"யாரு சொன்னது பாய்?"

"அமிர்தம்தான் சொல்லுது. என் கண்ணையே பாத்துக்கினு சொல்லுது. நான் இன்னாம்மா செஞ்சேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவிக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு நாற்பதுதான் இருக்கும். மறுநாள் பிச்சைமுத்து அண்ணன் மெஷின் ரூமிலிருந்து காலைச் சாய்த்துச் சாய்த்து இறங்கி வந்தார். "இன்னா செல்வி, கொலகாரன் நொண்டியாமே? அமிர்தம் சொல்லிச்சு. கதாசிரியருக்கு வேற காலு கெடைக்கலியா?" அப்போதும் சிரித்தேன். தங்கப் பல்லை அவள் மறந்தே போனாள் என்று ஒரு பக்கம் நிம்மதி, என் வேலை வீணாகிவிட்டதே என்று ஒரு பக்கம் வருத்தம்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் கேட்டுக்குப் பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். வீரமுத்து டிக்கெட்டை நீட்டினார். அமிர்தம் அக்கா டிக்கெட்டை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, கொலகாரன் யாருன்னு தெரியுமா? ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். தங்கப் பல்லு வெச்சவன்."

வீரமுத்து சிரித்தார், வாயைத் திறக்காமல். "படம்தானே" என்றார்.

"படம்தான். புருஷன் சாலையில செத்துக் கெடக்கறான். செஞ்சவன் ஊருக்குள்ளயே நல்லவன் மாதிரி நடமாடிக்கினு கெடக்கறான்."

அவள் கையை விடவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "போங்கண்ணே" என்றாள். வீரமுத்து உள்ளே போய் உட்கார்ந்தார். கதவைத் திறக்கும் கை வருவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். அமிர்தம் அக்கா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று இரண்டு பையன்கள் டிக்கெட் இல்லாமல் உள்ளே போனார்கள். அவள் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மறுநாள் காலையில், "வூட்டுக்கு வா" என்று கூட்டிப்போனாள். கதவைச் சாத்தி மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒற்றைச் செருப்பு.

"அவுரு கால்ல இருந்துது. மலைக்குப் போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடிதான் வாங்கனது. புதுசு. இத்த இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் காட்டல. யாருகிட்ட காட்டறனோ அவனே செஞ்சவனா இருந்துட்டா? நீதான் வாடக குடுக்காம திருட்டு சைக்கிள் ஓட்டறவளாச்சே. பாத்து சொல்லு." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

செருப்பின் மேல்பாகம் அப்படியே புதிதாக இருந்தது. அடிப்பாகத்தில் நடுவில் மட்டும் கால் தெரிகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ரப்பர் கருகி உருண்டு நின்றது. யாரோ அவரைத் தரதரவென்று இழுத்துப் போயிருக்கிறார்கள், அதில்தான் தேய்ந்தது என்று எட்டு வருஷமாக அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. எந்தப் பையனிடம் காட்டியிருந்தாலும் சொல்லியிருப்பான். எங்கள் ஊரில் வாடகை சைக்கிளுக்குப் பிரேக் கட்டை இருக்காது. கடைக்காரர் போடமாட்டார், எடுக்கிறவனும் கேட்கமாட்டான். நிறுத்த வேண்டுமென்றால் செருப்புக் காலைத் தூக்கி டயரில் வைத்து அழுத்துவோம். சமதரையில் அது போதும்.

மலை இறக்கத்தில் எவ்வளவு நேரம் அழுத்தியிருப்பார்?

"சொல்லுடி. அடிக்குது."

சொன்னேன். வீரமுத்து கடையில் பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு வருவதையும் சொன்னேன். அவள் அழவில்லை. செருப்பை எடுத்து, அந்த ஓட்டைக்குள் தன் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, ஒண்ணு சொல்லணும். தங்கப் பல்லு கதைல கெடையாது. நான் வுட்டது."

"தெரியும்."

"எப்படி?"

"எதுக்குடி ஒங்கையப் புடிச்சிக்கினு கேட்டேன்? ஆசைக்கா? உள்ளத படிக்கறப்ப ஒனக்கு மெதுவா அடிக்கும். பொய் வுடறப்ப குருவி மாதிரி அடிக்கும். தங்கப் பல்லுன்ன அன்னிக்கே தெரியும்." செருப்பைத் துணியில் சுற்றினாள். "ஆனா யோசன நல்லா இருந்துது. எனக்கு யார் யார் மேல சந்தேகமோ, அவன் அவன்கிட்ட கொலகாரன் அவன் மாதிரியே இருப்பான்னு சொல்லிப் பாத்தேன். பாய்கிட்ட தொப்பி. பிச்சகிட்ட காலு. பாய்க்குக் கோவம் வந்துது. பிச்சைக்கு சிரிப்பு வந்துது. இவனுக்குத்தான் கை சில்லுனு ஆயிடிச்சி."

'அண்ணே' போய் 'இவன்' வந்திருந்தது.

எட்டாம் நாள் காலை மரங்களை இழுத்துப் போட்டு வழிவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் மேலிருந்து இரண்டாவது பெட்டி இறங்கியது. பாய் ஓடி வந்தார். அமிர்தம் அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சைக்கிள் கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"பதினொண்ணாம் நம்பர எடு" என்றாள்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த வீரமுத்து கையைத் துடைத்தார். எந்தப் பதினொன்று என்று கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் போய், சாக்கு மூடியிருந்த ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வளைந்த சக்கரத்தை எப்போதோ நிமிர்த்தியிருந்தார். காற்றும் இருந்தது. பிரேக் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

"ஸ்பேனர் பைய எடுத்துக்க. மலைக்குப் போலாம்."

"சரி" என்றார்.

மலை. அதே வளைவு. ஏதோ சொல்லி அழைத்துப் போவது. இது என் முடிவு. பல்பொடி விளம்பரத்தைப் பார்த்தபடி நான் இட்டுக்கட்டிய முடிவு.

"நானும் வரேன்" என்றேன்.

"ஒன்ன யாரு கூப்ட்டா?" என்றாள். ஆனால் தடுக்கவில்லை.

சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றினோம். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் பஸ்ஸுக்காக நின்றபோது அமிர்தம் அக்கா மட்டும் எதிர்க்கடைக்குப் போய்க் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கத்தியா, எலிமருந்தா என்று நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வீரமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண்டக்டர்தான் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அடிவாரத்திலிருந்து ஒரு மணி நேரம் நடை. வீரமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அவள் பத்தடி பின்னால். நான் அவளுக்கும் பின்னால். நாலாவது வளைவில் கைப்பிடிச் சுவர் இல்லை. கீழே மரங்களின் தலை தெரிந்தது. அதற்கும் கீழே கோமுகி அணைத் தண்ணீர் தகரம்போல் மின்னியது.

வீரமுத்து தானாகவே நின்றார். கேட்காமலே சொன்னார்.

"ஏழாம் நம்பர்தான் மலைக்குன்னு வெச்சிருந்தேன். ரெண்டு பிரேக்கும் இருக்கும். அன்னிக்கு அது கல்யாண வூட்டுக்குப் போயிடிச்சி. மாயவன் கேட்டான், 'இதுல பிரேக் இல்லியே'ன்னு. 'கால வெச்சி நிறுத்துடா, நீ இன்னா புதுசா ஓட்டறவனா'ன்னேன். சிரிச்சிக்கினே போனான்."

"போலீசு கேக்கலியா?"

"வண்டி யாருதுன்னு கேட்டாங்க. என்னுதுன்னேன். பிரேக் இருந்துதான்னு கேக்கல. நானும் சொல்லல."

"எட்டு வருசம்."

"ஆமாம்."

"ஏறு" என்றாள்.

வீரமுத்து சைக்கிளில் ஏறினார். முகம் இறக்கத்தைப் பார்த்து இருந்தது. அமிர்தம் அக்கா பின்னால் கேரியரை ஒரு கையால் பிடித்தாள். இன்னொரு கையை அவர் முதுகில் வைத்தாள்.

"கால எடு."

தரையில் ஊன்றியிருந்த காலை அவர் எடுத்தார். இப்போது அவள் கை மட்டும்தான் அவரைப் பிடித்திருந்தது. சைக்கிள் அரையடி நகர்ந்தது.

"அக்கா, வேணாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "அந்த முடிவு கதைல இல்ல! அதுவும் நான் வுட்டதுதான்!"

"கத்தாதடி. மூணு நாளு மூணு விதமா தள்ளினியே, எனக்குத் தெரியாதா?"

கையை எடுக்கவில்லை. வீரமுத்துவின் முதுகு ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது. "போறேம்மா" என்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார், யாரையோ பார்க்கப் போகிறவர்போல. அவள் எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மேலேயிருந்து பலாப்பழம் ஏற்றிய ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனது. அதன் புழுதி அடங்கியது.

"எறங்கு" என்றாள்.

பைக்குள்ளிருந்து அந்தக் காகிதச் சுருளை எடுத்துப் பிரித்தாள். இரண்டு ஜோடி பிரேக் கட்டை, கம்பியோடு.

"மாட்டு."

வீரமுத்து சாலையோரம் உட்கார்ந்து மாட்டினார். வேறு நாளென்றால் கால் மணி நேரத்து வேலை. அன்று ஒரு மணி நேரம் ஆனது. கை தவறி ஒரு நட்டு பள்ளத்தில் உருண்டது. நான் இறங்கிச் சருகுக்குள் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முடித்ததும் அவள் இரண்டு பிரேக்கையும் அழுத்தி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். மூன்று முறை.

"இப்பப் போ."

அவர் போனார். ஒவ்வொரு வளைவிலும் புதுக் கட்டை க்ரீச்சென்று கத்தியது. மூன்றாவது வளைவு, இரண்டாவது, முதலாவது. சத்தம் நின்ற பிறகும் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் வளைவின் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் மறுபக்கம் திரும்பிக் கல்லை எடுத்துக் கல்லின்மேல் எறிந்துகொண்டிருந்தேன். கண்ணில் புழுதி விழுந்திருந்தது.

செருப்பை அங்கேயே பள்ளத்தில் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பையில்தான் வைத்திருந்தாள், எடுக்கவே இல்லை.

"போட்டுட்டு வரலாமே அக்கா."

"எவனாவது எடுத்துக்கினு போயிடுவான்" என்றாள்.

அன்றிலிருந்து இன்றுவரை, காலை ஆறு மணிக்கு அவள் சைக்கிள் கடைக்கு வருகிறாள். பதினெட்டு சைக்கிளையும் வரிசையாக நிறுத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பார்க்கிறாள். அவள் பார்த்து முடிக்காமல் ஒரு வண்டியும் வாடகைக்குப் போகக் கூடாது. பிடிக்காத வண்டியை ஒதுக்கி வைப்பாள். அன்று முழுக்க அது வெயிலில் நிற்கும். வீரமுத்து பக்கத்தில் கைகட்டி நிற்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். சைக்கிள் எடுக்க வருகிறவர்கள் "இன்னா இது, கொட்டாய்ல டிக்கெட் பாக்கறது பத்தாதா?" என்று முணுமுணுப்பார்கள். அந்தத் தீபாவளிக்கும் வீரமுத்து கேட்டுக்கு எண்ணெய் விட வந்தார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தானே விட்டுக்கொண்டாள்.

படம் முழுசாக இரண்டு நாள் ஓடியது. யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு வாரமாக ஊரே ஆளுக்கொரு கொலைகாரனை வைத்திருந்தது. படத்தில் வந்தவன் அத்தனை பேரையும்விடச் சப்பை. பெட்டிகள் திரும்பிப் போயின. அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பற்றி ஒருத்தரும் பேசி நான் கேட்கவில்லை. அமிர்தம் அக்கா கேட்டில் நின்றதால் கடைசிவரை அதைப் பார்க்கவில்லை.

போன வாரம் காலையில் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்: "அந்தப் படத்துல முடிவு இன்னாடி?" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நிறைய நாள் ஆகியிருந்தது, அவள் பிடித்து.

உள்ளது உள்ளபடியே சொன்னேன். அந்தப் பெண்ணின் அண்ணன்தான் கொலைகாரன், அவளே போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாள், அதோடு முடிகிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அமிர்தம் அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய். குருவி மாதிரி அடிக்குது" என்று கையை விட்டுவிட்டு, ஏழாம் நம்பரின் பிரேக்கை அழுத்தினாள்.